ஒரு சிவப்புகூட இல்லை

இந்த வேலையில் முதலில் போவது கண்தான். முதுகெல்லாம் அப்புறம். அந்த விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும். வெளிச்சம் நேராக விழுந்தால் எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அழுகிறேன் என்று நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மின்தொகுப்புகளைக் கவனிப்பது. முன்பெல்லாம் பயிற்சி மாணவிகள் நோட்டு நோட்டாக எழுதி, அட்டை போட்டுக் கொண்டுவந்து அடுக்குவார்கள். அதைக் கரையான் தவிர யாரும் படித்ததில்லை. இப்போது எல்லாம் கணினியில். ஒவ்வொருத்திக்கும் ஒரு தொகுப்பு. பாடம் எடுக்கப் போகிற பள்ளியிலிருந்து வாராவாரம் அவள் பாடத்திட்டத்தை ஏற்ற வேண்டும், வகுப்பின் வீடியோவை ஏற்ற வேண்டும், பிள்ளைகள் செய்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும். கடைசியாக ரிஃப்ளெக்‌ஷன் என்று ஒன்று. அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது, எங்கே சறுக்கினேன், எதைக் கற்றேன் என்று தன்னையே திரும்பிப் பார்த்து எழுதுவது. அதன் கீழே நான் கருத்து எழுதுவேன். எல்லாம் சேர்ந்தால் அவள் பெயருக்கு எதிரே அந்த வாரத்துக்கு ஒரு பச்சைப் பொட்டு விழும். ஏதாவது குறைந்தால் சிவப்பு.

இது நல்ல ஏற்பாடு. மனதாரச் சொல்கிறேன். இது வேண்டும் என்று கல்லூரியில் சண்டை போட்டு வாங்கியவளே நான்தான். ஒரு பெண் முதல் வாரம் பிள்ளைகளைப் பார்த்து நடுங்குவதும், பத்தாவது வாரம் அதே பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நிற்பதும் அதில் அப்படியே தெரியும். வேலைக்குப் போன பிறகும் அது கூடவே வரும். ஆனால் நாளாக நாளாக யாரும் தொகுப்பைப் பார்ப்பதில்லை, பொட்டைத்தான் பார்க்கிறார்கள். நானும் விதிவிலக்கில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், ஒருத்தி நான். என் கணவர் கேலி செய்வார்: "நம்ம பொண்ணுக்குக்கூட நீ இவ்வளவு பொட்டு வச்சதில்ல."

அந்த ஆண்டு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. முந்தைய ஆய்வில் நாங்கள் தட்டுத்தடுமாறித்தான் தேறியிருந்தோம். இந்த முறை சறுக்கினால் கல்லூரியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதல்வரே எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"மேடம், அவங்க வந்ததும் பெரிய திரையில முதல்ல உங்க பொட்டுப் பலகையத்தான் போடப் போறோம். அதுல ஒரு சிவப்பு இருக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணு கூட."

"சில பொண்ணுங்க இருக்கற ஊர்ல நெட்டே கிடையாது சார்."

"அது உங்க கவலை மேடம். எனக்கு என் கவலையே தலைக்கு மேல இருக்கு."

அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் ஓய்வு பெற ஓரிரு ஆண்டுகள்தான் இருந்தன. எல்லோருமே களைத்துப் போயிருந்தோம்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. கூடப் படித்தவர்கள் அவளைக் கால்புள்ளி என்று கூப்பிட்டார்கள். நான் வைத்த பெயர்தான் அது. எழுத ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டாள். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாகக் கால்புள்ளி போட்டுப் போட்டு ஓடும். வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். "என்ன மேடம் பண்றது, எனக்கு வாயும் அப்படித்தான்" என்றாள். தாய் இல்லாத பெண். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீடு பூட்டித்தான் கிடக்கும். மற்றவர்கள் தட்டிக்கழித்த மலைப்பள்ளி ஒன்று மிச்சம் இருந்தது. அவளை அங்கே போட்டேன். மறுத்துப் பேசத் தெரியாதவள், அதனால் போட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். உண்மைதான்.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் மலைப்பாதையின் பாதியில் இருக்கிற வளைவுப் பாலம் வரை இறங்கி வர வேண்டும். வீடியோவை ஏற்றுவதெல்லாம் நடக்காத காரியம். எனவே நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டு மலைப் பேருந்தின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். நான் பேருந்து நிலையத்தில் போய் வாங்கிக்கொண்டு வந்து அவள் பாஸ்வேர்டைப் போட்டு ஏற்றுவேன். அவளாகத்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தாள். யாரும் பிடுங்கவில்லை.

ஏற்றும்போது பிழை திருத்துவேன். அதில் என்ன தவறு? பிறகு வாக்கியங்களையும் திருத்தினேன். அவள் எப்படி எழுதுவாள் என்று ஒன்று சொல்கிறேன், மனப்பாடமாகவே இருக்கிறது. "இன்னைக்கு பின்னம் எடுத்தேன், காகிதத்தை மடிச்சு மடிச்சு பாதி, கால், அரைக்கால்னு காட்டினேன், எல்லாரும் மடிச்சாங்க, கடைசி வரிசைல ஒரு பொண்ணு மட்டும் மடிச்சதை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு டீச்சர் இப்ப முழுசாயிடுச்சுன்னு சொல்லிச்சு, எனக்கு என்னமோ ஆயிடுச்சு, நான் சொல்லிக் குடுக்க நினைச்சதே அதுதான், ஆனா நான் சொல்லலை, அவளே சொல்லிட்டா," இப்படிப் போகும். இதைப் போய் ஆய்வுக் குழுவிடம் காட்ட முடியுமா? "செய்முறை வழியாக மாணவர்கள் பின்னத்தின் கருத்தை உய்த்துணர்ந்தனர்" என்று மாற்றினேன். கச்சிதமாக இருந்தது.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ அதில் சுவர் வந்தது. பள்ளிக்குப் பின்னால், சரிவை ஒட்டி அவளுக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். "என் ரூமுக்குப் பின்னாடி மண்ணைத் தாங்கற சுவர் வயிறு தள்ளிட்டு நிக்குது, மழை பெஞ்சா மண்ணுத்தண்ணி உள்ள வருது, தூக்கமே வர்றதில்லை, அதனால காலைல முதல் பீரியட்ல தடுமாறுறேன், மேடம் ரூம் மாத்தித் தர முடியுமா," என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் "புதிய சூழலுக்கேற்ப என்னைத் தகவமைத்துக்கொள்ளக் கற்று வருகிறேன்" என்று போட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவளே நேரில் வந்தாள். செருப்பெல்லாம் சேறு, அறைக்கு வெளியே கழற்றிவிட்டு, சேறு ஒட்டிய பாதத்தோடு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். வரும் வழியில் பாலத்தில் நின்று தன் தொகுப்பைப் போனில் பார்த்திருக்கிறாள்.

"மேடம், அந்தச் சுவரு வரி காணோமே?"

"அது ரிஃப்ளெக்‌ஷன் இல்லம்மா, புகார். புகாரைத் தொகுப்புல எழுதக் கூடாது."

"அப்ப எதுல எழுதணும் மேடம்?"

நல்ல கேள்விதான். மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"ஹெட்மாஸ்டர் சார்கிட்ட சொன்னேன் மேடம். இத்தனை வருஷம் நின்ன சுவரு, நீ வந்துதான் விழப்போகுதான்னு சிரிக்கிறார்."

"நான் முதல்வர்கிட்ட பேசறேன். நீ போ."

"நிஜமா பேசுவீங்களா மேடம்?"

"பேசறேன்னு சொல்றேன்ல?"

பேசவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். அறையை மாற்ற அந்த மலையில் வேறு அறை கிடையாது. பள்ளியையே மாற்ற வேண்டும். பள்ளியை மாற்றினால் கற்பித்தல் பயிற்சியை முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். அவள் வரிசை முழுக்கச் சிவப்பாகிவிடும். அவளுக்கும்தான் அது நஷ்டம். அவள் நன்மையையும் யோசித்துத்தான் செய்தேன்.

ஆய்வுக்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை நிலையத்தில் போய் நின்றேன். மலைப் பேருந்து வரவில்லை. திங்கட்கிழமை மதியத்திலிருந்தே பாதையில் மண் என்றார்கள். அவள் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று வந்தது. அது எப்போதும் வருவதுதான்.

பள்ளிக்கு மழை விடுமுறை விட்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவ் வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். பாதை திறந்ததும் வரும், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த வாரத்தை நானே எழுதினேன். பழைய வீடியோ ஒன்றில் பயன்படுத்தாத ஒரு பகுதி மிச்சம் இருந்தது. அதை வெட்டிப் போட்டேன். பாடம் நீர்ச்சுழற்சி. ஆவியாதல், ஆவி சுருங்குதல், பொழிதல். பிள்ளைகள் உற்சாகமாகக் கேள்வி கேட்டதாக எழுதினேன். பச்சை விழுந்தது.

மறுநாள் அவள் அப்பா போன் செய்தார். அதற்கு முன் இரண்டொரு தடவை பேசியிருக்கிறார். வண்டியை ஓரம் கட்டுகிற இடங்களிலெல்லாம் மகளின் தொகுப்பைத் திறந்து படிக்கிறவர்.

"மேடம், வணக்கம். தொந்தரவு பண்ணிட்டனா?"

"இல்ல, சொல்லுங்க."

"நான் இப்ப மலையடிவாரத்துல டீ குடிச்சிட்டு இருக்கேன். லோடு இறக்கிட்டேன், வண்டி காலி. நேத்து ராத்திரி வீட்டுலதான் படுத்தேன், புள்ள வரல. மேல ஒரே மழைன்றாங்க. லீவு விட்டிருப்பாங்களோ, புள்ள தனியா இருக்குமோன்னு மனசு ஒரு மாதிரியா இருந்துச்சு. பாதி வழி நடந்தாவது போய்க் கூட்டிட்டு வந்துரலாம்னு பார்த்தேன்."

கையிலிருந்த காபியை ஒரு வாய் குடித்தேன்.

"அப்புறம் போன்ல திறந்து பார்த்தா, நேத்துகூடப் பாடம் எடுத்திருக்கா. மழையப் பத்தியே எடுத்திருக்கா பாருங்க." சிரித்தார். "நல்லாத்தான் இருக்கா. இந்த நேரத்துல நான் போய் நின்னா திட்டுவா. இப்பல்லாம் என்னமா எழுதுறா மேடம். முன்னாடி லொடலொடன்னு பேசற மாதிரியே எழுதுவா. இப்ப பெரிய டீச்சர் எழுதற மாதிரி இருக்கு. எல்லாம் உங்க கைவண்ணம்."

"அவளும் முயற்சி பண்றா" என்றேன்.

"சரி மேடம், அப்ப நான் வண்டியத் திருப்பறேன். அடுத்த லோடு இருக்கு."

திருப்பிக்கொண்டு போனார். அவர் பேச்சில் எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டாமா என்று நேற்று கேட்டீர்கள். தட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். போனை வைத்துவிட்டு அடுத்த பெண்ணின் தொகுப்பைத் திறந்தேன்.

திங்கட்கிழமை மதியம் தலைமையாசிரியர் பேசினார். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

"மேடம், நான் போன திங்கக்கிழமையே ஸ்கூலப் பூட்டிட்டு காலை பஸ்ல ஊருக்கு வந்துட்டேன். மேல பால் வண்டி ஓட்டுறவர் இப்பத்தான் போன் பண்ணார். கேட்லேர்ந்து பார்த்தாராம், பின்னாடி சரிவு மொத்தமா இறங்கியிருக்காம். அந்த ரூம் கதவையே மண்ணு மூடிடுச்சாம். செவ்வாய்க்கிழமையே விழுந்திருக்கும்ன்றார்."

"அப்படியா."

"நல்லவேளை, உங்க பொண்ண மறுநாள் பஸ்ஸுக்கு ஊருக்குப் போகச் சொல்லியிருந்தேன். போயிடுச்சுல்ல மேடம்? ஊருக்கு வந்துடுச்சுல்ல?"

ஐயா, இந்த இடத்தில் நான் நிதானமாக யோசித்தேன். பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது பொய். திங்கட்கிழமையிலிருந்து பேருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு வரவில்லை என்பதும் அவள் அப்பா வாயாலேயே தெரியும். தலைமையாசிரியருக்கு ஒரு முனை தெரியும், அப்பாவுக்கு ஒரு முனை தெரியும். இரண்டு முனையும் என் கையில் மட்டும்தான் இருந்தன. முடிச்சுப் போட ஒரு நொடி போதும்.

ஆனால் போட்டால் என்ன ஆகும்? தேடுவார்கள். தேடினால் வெள்ளிக்கிழமை பாடம் எடுத்தது யார் என்று கேட்பார்கள். வியாழக்கிழமை ஆய்வு. தவிர, கதவை மூடுகிற அளவுக்கு மண் விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நடந்தது நடந்துவிட்டது, அவசரப்பட்டு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"வந்துட்டா சார்" என்றேன்.

"அப்பாடா. அப்ப அவசரமில்ல. பாதை முழுசா திறந்ததும் ஆளை விட்டு மண்ண அள்ளிக்கலாம்."

"அள்ளிக்கலாம் சார்."

ஆய்வு வாரத்துத் தொகுப்பையும் புதன்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்பது முதல்வரின் உத்தரவு. விடுமுறை என்று குறிக்க வழி இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. விடுமுறை என்றால் பொட்டு சாம்பல் நிறத்தில் விழும். ஆனால் அதற்குத் தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்க வேண்டும், அவரிடம் மறுபடி பேச வேண்டும். மேலும், அத்தனை பச்சைக்கு நடுவே ஒரு சாம்பல் இருந்தால் பார்க்கிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது. மழை விடுமுறையிலும் கற்றல் நிற்கவில்லை, அருகில் வசிக்கும் குழந்தைகளை என் அறைக்கே அழைத்துக் கதைகள் வாசித்துக் காட்டினேன், சிறிய அறைதான், ஆயினும் அதில் எல்லோருக்கும் இடம் இருந்தது, வெளியே மழை, உள்ளே குழந்தைகளின் குரல். முன்பு அனுப்பியிருந்த படங்களில் ஒன்றைச் சேர்த்தேன். கீழே மேற்பார்வையாளர் கருத்தாக "சிறப்பு. தொடர்க" என்று எழுதினேன்.

வியாழக்கிழமை காலை பெரிய திரையில் பலகையைப் போட்டார்கள். முழுக்கப் பச்சை. ஆய்வுக் குழுத் தலைவி ஏதாவது ஒரு தொகுப்பைத் திறக்கச் சொன்னார். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதைப் போல ஒன்றைத் தொட்டார். அது அவளுடையதாக அமைந்தது. தலைவி கடைசி வாரத்தை வாய்விட்டு வாசித்தார். "சிறிய அறைதான், ஆயினும் அதில் எல்லோருக்கும் இடம் இருந்தது" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணை நான் பார்க்கணுமே" என்றார். மலைப்பள்ளியில் இருக்கிறாள் என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். "பொண்ணு வீட்டுக்கு வந்திருக்காளா? ஸ்கூல் லீவுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றேன். அந்தப் பக்கம் லாரி எஞ்சினை அணைத்தார். பிறகு, "லீவா? நீங்கதான மேடம் பார்த்துக்கிறீங்க?" என்றார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரே ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை காலை மண்ணை அள்ளினார்கள். அறை இடிந்திருக்கவில்லை. கதவும் ஜன்னலும்தான் அடைபட்டிருந்தன. மேலே ஓட்டு இடுக்கில் காற்று வந்திருக்கிறது, மழைநீர் சொட்டியிருக்கிறது. சொட்டிய இடத்தில் வாளியை வைத்திருந்தாளாம். கதவின் உட்பக்கம் கீழ்ப்பாதி முழுக்கக் கரண்டியால் சுரண்டிய தடம் இருந்ததாம். மருத்துவர் அறிக்கையை நீங்கள்தாம் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். புதன்கிழமை வரை, ஒருவேளை வியாழன் காலை வரை. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். அதில் என்ன தேடினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வியாழன் காலை அரங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி. திங்கட்கிழமை மதியம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் அவளை வெளியே எடுத்திருப்பார்கள். சனிக்கிழமை உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அப்பாவே மேலே போயிருப்பார். இரண்டு தடவையும் சொல்லாமல் விட்டது நான். தெரிந்தேதான் விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல்வருக்கு இதில் எதுவும் தெரியாது. கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்திருக்கிறது. அதைப் பறித்துவிடாதீர்கள், அங்கே நிறையக் குடும்பங்கள் பிழைக்கின்றன. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தக் கடைசி இரண்டு வாரங்களையும் தொகுப்பிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று அவள் அப்பா மனு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். தன் மகள் எழுதியதை மட்டும் விட்டு வைக்கச் சொல்கிறாராம். பாவம், துக்கத்தில் கேட்கிறார், அவருக்கு இதெல்லாம் புரியாது. அழிக்க வேண்டாம் என்று நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ பெண்களின் எழுத்தைத் திருத்தியவள் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டு வாரத்தில்தான் அவளுக்கு எழுத வந்தது.